கண் அசையாமலே கவனம் தாவுவதை அளப்பது எப்படி: சாதாரண லேப்டாப்பில் குறி–இலக்கு சோதனை, படிப்படியாக

மதுரையில் உளவியல் படிக்கும் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். வருஷா வருஷம் இந்த ஒரு சோதனையில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாடம் புரியாமல் இல்லை, வேலையின் வரிசை தப்பிவிடுகிறது. முதலில் பெட்டி வரைகிறார்கள், அப்புறம் ஆள் பிடிக்கிறார்கள், இருபது பேர் வந்துபோன பிறகு 'சார், திரை எவ்வளவு வேகத்துல ஓடுச்சு?' என்று கேட்கிறார்கள். முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி அது.

அளக்கப்போவது இதைத்தான். ஒருவர் திரையின் நடுவில் உள்ள கூட்டல் குறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் ஒரு பெட்டி சட்டென்று மின்னி அடங்குகிறது; இந்த மின்னலைத்தான் குறி என்கிறோம். அவர் கண் நகரவில்லை. இருந்தும் அடுத்த பத்தில் ஒரு நொடிக்குள் அந்தப் பெட்டியில் ஒரு புள்ளி (இதுதான் இலக்கு) வந்தால், எதிர்ப் பெட்டியில் வருவதைவிடச் சீக்கிரம் அதைக் கண்டுகொள்கிறார். தெற்குமாசி வீதியில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதில்லை. பார்வை முன்னால் போகும் பஸ் மேலேயே இருக்கும். சந்திலிருந்து ஷேர் ஆட்டோ மூக்கை நீட்டியதும் கால் பிரேக்குக்குப் போயிருக்கும்.

வேகம் கூடுவது பாதிக் கதைதான். மின்னலுக்கும் புள்ளிக்கும் நடுவே கால் நொடிக்கு மேல் விட்டுப் பாருங்கள், நிலைமை தலைகீழாகும். மின்னிய இடத்தில் வரும் புள்ளிதான் தாமதமாகப் பிடிபடும். உளவியலாளர்கள் போஸ்னரும் கோஹனும் 1984-ல் வெளியிட்ட கட்டுரையில் இந்த இரண்டு முகத்தையும் காட்டினார்கள். நாமும் ஒரே சோதனையில் இரண்டையும் பிடிக்கப்போகிறோம்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு லேப்டாப் அல்லது கம்ப்யூட்டர். ஒயர் வைத்த கீபோர்டு. இப்படிப்பட்ட சோதனைகளை அமைத்து ஓட்டும் சைக்கோபை (PsychoPy) என்ற இலவச மென்பொருள். ஸ்லோமோஷன் எடுக்கும் ஒரு செல்போன். ஒரு துண்டு நூல். ஜன்னலை மூடினால் இருட்டாகும் ஓர் அறை. பங்கேற்பவர் கையெழுத்துப் போடத் தமிழில் ஓர் ஒப்புதல் தாள். கல்லூரி வேலை என்றால் உங்கள் துறை கேட்கும் அனுமதியை ஆள் தேடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

செல்போனிலேயே சோதனையை ஓட்டலாமே என்று ஒரு மாணவராவது கேட்பார். வேண்டாம். நாம் தேடும் வித்தியாசம் 20, 30 மில்லி நொடிதான். தொடுதிரை விரலை உணர எடுக்கும் நேரம் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒன்றுபோல இருக்காது. போதாக்குறைக்கு விரல் திரையையும் மறைக்கும். புளூடூத் கீபோர்டை ஒதுக்குவதும் இதனால்தான். ஒயர் கீபோர்டிலும் சில மில்லி நொடி தாமதம் உண்டு. ஆனால் அது எல்லா நிலைக்கும் ஏறக்குறைய ஒரே அளவாக விழும், ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

2. முதல் வேலை: திரையின் வேகம்

பெரும்பாலான லேப்டாப் திரைகள் நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. ஒரு தடவை புதுப்பிப்பதை ஒரு சட்டகம் என்போம்; ஒரு சட்டகத்துக்கு 16.67 மில்லி நொடி. இதற்கு நடுவே எதையும் காட்டவும் முடியாது, அணைக்கவும் முடியாது. '40 மில்லி நொடி மின்னட்டும்' என்று எழுதினால் திரை அதை 33 ஆகவோ 50 ஆகவோதான் காட்டும். எந்த முறை எது வந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அதனால் நேரத்தை மில்லி நொடியில் யோசித்தாலும் சட்டகத்தில் எழுதுங்கள். 60 வேகத் திரையில் 3 சட்டகம் 50 மில்லி நொடி, 6 சட்டகம் 100, 48 சட்டகம் 800. சைக்கோபையில் ஒவ்வொரு பொருளுக்கும் தொடக்கத்தையும் நீளத்தையும் நொடியிலும் கொடுக்கலாம், சட்டக எண்ணிலும் கொடுக்கலாம். இரண்டாவதை எடுங்கள். திரையின் வேகம் 144 என்றால் இந்தக் கணக்கு முழுவதும் மாறும், ஆகவே திரை அமைப்புக்குள் போய் எண்ணைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

என் கதை ஒன்று. சில வருஷத்துக்கு முன் ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. லேப்டாப்தான் பேட்டரியில் ஓடுகிறதே என்று சோதனையைத் தொடர்ந்தேன். சில லேப்டாப்கள் பேட்டரிக்கு மாறியதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத் திரையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பது அன்று எனக்குத் தெரியாது. சட்டகத்தில் எழுதியிருந்த 100 மில்லி நொடி நீண்டுபோனது. ஆறு பேருடைய தரவைத் தூக்கிப் போட்டேன். இப்போதெல்லாம் சார்ஜர் செருகியிருக்க வேண்டும், மின்சேமிப்பு அணைந்திருக்க வேண்டும்; கரண்ட் போனால் அந்த ஆளை அனுப்பிவிட்டு இன்னொரு நாள் கூப்பிடுவேன்.

3. அறை, நாற்காலி, நூல்

கண்ணுக்கும் திரைக்கும் 57 சென்டிமீட்டர் இருக்கட்டும். ஏன் இப்படி ஒரு எண் என்றால், அந்தத் தூரத்தில் திரையில் 1 சென்டிமீட்டர் கண்ணுக்கு ஏறக்குறைய 1 பாகை. கோணக் கணக்குப் போடாமல் ஸ்கேலாலேயே அளந்துவிடலாம். 57 சென்டிமீட்டருக்கு நூலை வெட்டி ஒரு நுனியைத் திரையின் மேல்விளிம்பில் ஒட்டுங்கள். மறுநுனி ஆளின் புருவத்தைத் தொட வேண்டும். பூக்கடை முழம் ஆளுக்கு ஆள் மாறும், நூல் மாறாது. ஒவ்வொரு இடைவேளைக்குப் பிறகும் ஒருதரம் தொட்டுப் பாருங்கள், பத்து நிமிஷத்தில் யாராக இருந்தாலும் முன்னால் சாய்ந்துவிடுவார்கள்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஓரப்பார்வையில் சட்டென்று தோன்றும் எதுவும் கவனத்தை இழுக்கும் என்பதைத்தானே அளக்கிறோம்? அந்த இழுப்பு உங்கள் பெட்டிக்கு மட்டும் என்று எழுதிவைக்கவில்லை. திரைக்குப் பின்சுவரில் ஓடும் பல்லி, சீலிங் ஃபேன் நிழல், ஜன்னல் வழியாக விழுந்து நகரும் பஸ் கண்ணாடி வெளிச்சம் எல்லாமே குறிதான். விளக்கு ஃபேனுக்கு மேலே இருந்தால் இறக்கை நிழல் மேசை மேல் சுழலும், அப்போது விளக்கை மாற்றுங்கள். வெயிலில் ஃபேனை அணைக்கச் சொல்ல எனக்கு மனசு வராது. டேபிள் ஃபேனை ஆளின் முதுகுப்பக்கம் வைத்துவிடுகிறேன்.

இதைவிட மோசமானது லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒரு மாணவியின் தரவில் வலப்பக்க இலக்குக்கு மட்டும் எதிர்வினை தாறுமாறாக இருந்தது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால் திரையின் வலது கீழ் மூலையில் வாட்ஸ்அப் அறிவிப்பு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. நெட்டைத் துண்டியுங்கள், அறிவிப்புகளை அணையுங்கள், சோதனையை முழுத்திரையில் ஓட்டுங்கள்.

4. திரையில் வரைய வேண்டியது

பின்புலம் அடர் சாம்பல். வெள்ளைப் பின்புலத்தில் மின்னல் எடுபடாது, கண்ணும் சீக்கிரம் சோர்ந்துவிடும். நடுவில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கூட்டல் குறி. அதற்கு இடமும் வலமும் 7 சென்டிமீட்டர் தள்ளி 2 சென்டிமீட்டர் சதுரப் பெட்டிகள், மெல்லிய கோட்டில், சோதனை முழுக்க திரையிலேயே நிற்கட்டும். சைக்கோபையில் அளவைச் சென்டிமீட்டருக்கு மாற்றும் முன் மானிட்டர் சென்டரில் திரையின் உண்மையான அகலத்தையும் 57 என்ற தூரத்தையும் பதியுங்கள். அதைச் செய்யாவிட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு ஒரு அகலத்தை வைத்துக்கொள்ளும்.

குறி என்பது ஒரு பெட்டியின் கோடு 3 சட்டகத்துக்குத் தடித்துப் பளிச்சிட்டுப் பழையபடி ஆவது. இலக்கு என்பது பெட்டியின் நடுவில் தோன்றும் சின்ன வெள்ளை வட்டம். குறியைப் பெட்டியின் விளிம்பில் வையுங்கள், இலக்கு வரும் இடத்தின் மேலேயே வைக்காதீர்கள். பலர் பெட்டி முழுவதையும் வெள்ளையாக நிரப்பி மின்னவைக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வெளிச்சம் அடங்கிய கையோடு அதே இடத்தில் வரும் சின்னப் புள்ளியை அது மறைக்கும். கவனம் போய்ச் சேர்ந்தும் புள்ளி தெரியாமல் நேரம் கூடும். கவனத்தைப் பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு கண்கூச்சத்தை அளந்திருப்பீர்கள்.

5. குறிக்குப் பயன் எதுவும் இருக்கக் கூடாது

அதிகம் பேர் விழும் குழி இதுதான். பாடப்புத்தகத்தில் '80 சதவீதம் சரியான குறி' என்று படித்துவிட்டு அப்படியே செய்கிறார்கள். அந்த எண், நடுவில் அம்புக்குறி காட்டி இலக்கு வரும் பக்கத்தைச் சொல்லும் சோதனைக்கானது. பத்துக்கு எட்டு முறை சரியாகச் சொல்லும் குறியை எந்த மனிதரும் வேண்டுமென்றே நம்பிப் பின்தொடர்வார். அங்கே கவனம் போகவில்லை, அனுப்பப்படுகிறது.

நமக்கு வேண்டியது தானாகப் போவது. ஆகவே இடப்பெட்டி மின்னிய முறைகளில் பாதியில் இலக்கு இடத்திலும் பாதியில் வலத்திலும் வர வேண்டும். 50-க்கு 50. அப்போது குறியைப் பின்தொடர்வதால் யாருக்கும் லாபமில்லை. லாபமில்லாமலும் வேகம் கூடினால்தான் அது அனிச்சை என்று வாதிட முடியும். ஓரத்தில் மின்னும் குறியைப் பொருட்படுத்த வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியும் கவனம் அங்கே போனதையும், எண் வரிசை ஒன்றை மனதில் சுமந்துகொண்டிருந்தபோதும் போனதையும் உளவியலாளர் ஜோனிடஸ் (Jonides) 1981-ல் காட்டினார். நடு அம்புக்குறிக்கு அந்த பலம் இருக்கவில்லை.

இன்னொன்று. 'குறி உண்டு, குறி இல்லை' என்று இரண்டு நிலை வைத்து ஒப்பிடாதீர்கள். எந்த மின்னலும் ஆளை உஷார்ப்படுத்தும், உஷாரானவர் எல்லாப் பக்கத்துக்கும் வேகமாக அழுத்துவார். அது கவனம் ஓரிடத்துக்குப் போனதற்குச் சான்றாகாது. இரண்டு நிலையிலும் மின்னல் இருக்க வேண்டும், பக்கம் மட்டும் மாற வேண்டும்.

6. இடைவெளி: 100, 800

இடைவெளி என்று நான் சொல்வது குறி *தோன்றிய* கணத்திலிருந்து இலக்கு *தோன்றும்* கணம் வரை. குறி மறைந்ததிலிருந்து எண்ணுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் 50 மில்லி நொடியைக் கூட்டிவிடுகிறார்கள்.

இரண்டு இடைவெளி போதும். 100 மில்லி நொடியில் மின்னிய பக்கம் லாபம் பெறும். 800-ல் நஷ்டப்படும். நடுவில் 300-ஐ வைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அங்கேதான் லாபம் நஷ்டமாகத் திரும்புகிறது, ஆளுக்கு ஆள் முன்னேபின்னே இருக்கும், சராசரி எடுத்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும். முதல் முறை செய்கிறவர் அதைப் பார்த்துவிட்டுச் சோதனையே தப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்.

இரண்டு இடைவெளியையும் ஒரே தொகுதியில் கலந்து போடுங்கள். தனித்தனித் தொகுதியாக்கினால் ஆள் தாளத்தைப் பழகிக்கொள்வார்.

7. ஒரே விசை

இடப்பக்க இலக்குக்கு இடது விசை, வலப்பக்கத்துக்கு வலது விசை என்று வைப்பது இயல்பாகத் தோன்றும். வைக்காதீர்கள். இடப்பக்கம் எதாவது மின்னினாலே இடக்கை தயாராகிவிடும். வேகம் கூடியது கவனத்தாலா, கை தயாரானதாலா என்று பிரிக்க வழியே இல்லை. இலக்கு எந்தப் பக்கம் வந்தாலும் ஸ்பேஸ் பார் மட்டும். கேள்வி 'எங்கே?' அல்ல, 'வந்ததா?'

ஒரே விசை என்றால் ஏமாற்றுவது சுலபம், மின்னல் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தலாம். அதற்குப் பூட்டு: சில முறைகளில் குறி மட்டும் வரும், இலக்கே வராது. அப்போது அழுத்தக் கூடாது. இவற்றைப் பொறிமுறை என்று என் பிள்ளைகள் சொல்வார்கள், எலிப்பொறியில் வரும் பொறி. ஆறில் ஒன்று பொறியாக இருந்தால் போதும்.

8. அட்டவணை

எக்செல்லில் 48 வரிசை கொண்ட ஒரு தாள் போடுங்கள். குறியின் பக்கம் 2, இலக்கின் பக்கம் 2, இடைவெளி 2. பெருக்கினால் 8 சேர்க்கை. ஒவ்வொன்றையும் 5 தரம் எழுதினால் 40. பொறிக்கு குறிப்பக்கம் 2, இடைவெளி 2, ஆக 4 சேர்க்கை, ஒவ்வொன்றும் 2 தரம், 8. மொத்தம் 48. இதை ஒரு தொகுதியாக்கி வரிசையைக் குலுக்கச் சொல்லி, வெளியே இன்னொரு சுழற்சி வைத்து 4 தரம் ஓட்டுங்கள். 192 முறை. இலக்கு மின்னிய பக்கமா எதிர்ப்பக்கமா, இடைவெளி 100-ஆ 800-ஆ என்று பார்த்தால் நாலு நிலை; ஒரு ஆளுக்கு ஒவ்வொரு நிலைக்கும் 40 அளவுகள் கிடைக்கும். இடைவேளையோடு பன்னிரண்டு, பதின்மூன்று நிமிஷம் ஆகும்.

பத்தித் தலைப்புகளை ஆங்கில எழுத்தில், நடுவே இடம் விடாமல் எழுதுங்கள், மென்பொருள் அவற்றையே மாறிகளின் பெயராக எடுத்துக்கொள்ளும். பக்கத்துக்கு −7, 7. இடைவெளிக்கு 6, 48. 'இடம்', 'வலம்' என்று எழுதிவிட்டுப் பிறகு எண்ணாக்க மல்லுக்கட்டுவது நேர விரயம்.

ஒவ்வொரு முறையின் ஓட்டமும் இப்படி: கூட்டல் குறியும் வெற்றுப் பெட்டிகளும் 48 முதல் 72 சட்டகம் வரை, ஒவ்வொரு தடவையும் எண் குலுங்க வேண்டும். பிறகு குறி 3 சட்டகம். பிறகு மீதி இடைவெளி. பிறகு இலக்கு, அழுத்தும் வரை அல்லது 72 சட்டகம் வரை. அரை நொடி ஓய்வு. ஆரம்பக் காத்திருப்பைக் குலுக்காமல் ஒரே நீளமாக வைத்தால் தாளக்கட்டு பிடிபட்டு, பறையடிக்கு அடி வைப்பதுபோல நேரம் பார்த்து அழுத்த ஆரம்பிப்பார்கள்.

சைக்கோபைக்குள் விசை அழுத்தத்தைக் கேட்கும் 'கீபோர்டு' என்ற கூறை இலக்கோடு சேர்த்துத் தொடங்கவைப்பது சரிதான், நேரம் அங்கிருந்து ஓட வேண்டும். ஆனால் அதை மட்டும் வைத்தால், இலக்குக்கு முன்பே அவசரப்பட்டு அழுத்தியது எங்கும் பதிவாகாது. குறி தோன்றும் கணத்திலிருந்து கேட்கும் இரண்டாவது கீபோர்டு கூறு ஒன்றை வைத்து முந்திய அழுத்தங்களையும் பிடியுங்கள். அவசரக்காரர் யாரென்று அதில்தான் தெரியும்.

திரையில் தமிழில் அறிவுரை காட்டும்போது கொம்பு ஒருபக்கம், எழுத்து ஒருபக்கம் என்று உடைந்து வந்தால் வேறு எழுத்துருவைத் தேடி நேரத்தைக் கொட்டாதீர்கள். வேறெங்காவது தட்டச்சு செய்து படமாகச் சேமித்து, படத்தைக் காட்டுங்கள்.

9. ஆள் உட்காரும் முன் ஸ்லோமோஷன்

செல்போனை நொடிக்கு 240 சட்டகத்தில் வைத்துச் சோதனையைப் படம் பிடியுங்கள். ஒவ்வொரு சட்டகமும் ஏறக்குறைய 4.17 மில்லி நொடி. குறி 50 மில்லி நொடி நின்றால் காணொளியில் 12 சட்டகம். குறி தோன்றியதிலிருந்து இலக்கு வரை 100 என்றால் 24. ஒன்று, இரண்டு முன்னேபின்னே இருந்தால் பரவாயில்லை. நாலைந்து கூடினால் திரை ஒரு சட்டகத்தைத் தவறவிட்டிருக்கிறது. பின்னால் ஓடும் பிரவுசர், வைரஸ் ஸ்கேன் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி எடுங்கள்.

பத்து முறையாவது எண்ணுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் நான் தூக்கிப் போட்ட அந்த ஆறு பேருக்கும் இந்த அரைமணி நேரம் செலவழித்திருந்தால் போதும்.

10. ஆளிடம் சொல்வது

எல்லோருக்கும் ஒரே வார்த்தை. எழுதி வைத்துப் படியுங்கள். நான் சொல்வது ஏறக்குறைய இப்படி:

'அக்கா, நடுவுல கூட்டல் குறி இருக்கு பாருங்க, கண்ணு அதுலயே இருக்கணும். ரெண்டு பக்கமும் பெட்டி இருக்கு. ஒரு பெட்டி மின்னும். புள்ளி அந்தப் பெட்டிலயும் வரலாம், எதிர்ப் பெட்டிலயும் வரலாம், சரிக்குச் சரி. புள்ளி வந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ இந்த நீளக் கட்டையைத் தட்டுங்க. சில தடவ புள்ளியே வராது, அப்பத் தட்டாதீங்க.'

புதிதாகச் செய்கிறவர்கள் இங்கே உதவி செய்வதாக நினைத்து 'மின்னுற பக்கம் கவனமா இருங்க' என்று ஒரு வாக்கியம் சேர்த்துவிடுகிறார்கள். ஐந்தாம் படியில் பட்ட பாடெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும். எதிர்ப்பக்கம் சாய்ந்து 'மின்னலை நம்பாதீங்க, ஏமாத்தும்' என்பதும் தப்பு. அதைக் கேட்ட சிலர் வேண்டுமென்றே எதிர்ப் பெட்டியைக் காவல் காப்பார்கள்.

பிறகு 24 முறை பயிற்சி. அந்தத் தரவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். வலிப்பு வந்த வரலாறு உள்ளவர்களை மின்னும் திரை முன் நான் உட்கார வைப்பதில்லை, ஒப்புதல் தாளிலேயே அந்தக் கேள்வி இருக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே செய்யட்டும்.

11. கண்ணுக்குக் காவல்

கண் ஓரிடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குத் தாவப் பொதுவாக 200 மில்லி நொடியை ஒட்டிப் பிடிக்கும். 'இடைவெளியே 100தான், கண்ணைக் கண்காணிக்க என்ன அவசியம்?' என்று கெட்டிக்காரப் பிள்ளைகள் கேட்பார்கள். இலக்கு 100-ல் வந்துவிடுகிறது, வாஸ்தவம். விரல் தட்டுவதோ அதற்கு 300 மில்லி நொடி கழித்து. அந்த நேரத்துக்குள் கண் கிளம்பிவிட முடியும். 800 இடைவெளியில் கேட்கவே வேண்டாம், போய்விட்டுத் திரும்பியே வந்துவிடலாம்.

கண்நோக்குக் கருவி நம்மிடம் கிடையாது. செல்போனைத் திரைக்குக் கீழே நிறுத்தி முன்கேமராவில் கண்ணைப் பதிவு செய்யுங்கள். 7 பாகைத் தாவல் காணொளியில் வெறும் கண்ணுக்கே தெரியும். செல்போன் திரையை ஒரு அட்டையால் மறையுங்கள், தன் முகத்தைப் பார்க்காத ஆள் கிடையாது. பயிற்சியின்போது நீங்களே எதிரில் உட்கார்ந்து பார்த்து, கண் ஓடியதும் 'நடுவுல' என்று ஒரு சொல் சொன்னால் பெரும்பாலோர் பத்துப் பதினைந்து முறைக்குள் பழகிவிடுகிறார்கள்.

12. ஓட்டும்போது

அறைக்குள் பேச்சு வேண்டாம். ஒவ்வொரு 48-க்கும் ஒரு நிமிஷம் இடைவேளை, தண்ணீர். பங்கேற்பவரின் செல்போன் அறைக்கு வெளியே. தேதி பார்த்து வையுங்கள்: சித்திரைத் திருவிழா நாட்களில் நகருக்குள் உட்கார்ந்து இதைச் செய்ய முடியாது. வேட்டுச் சத்தம் எந்தப் பக்கத்தையும் காட்டாது, ஆனால் ஆளைத் தூக்கிப்போட்டு அந்த முறையையும் அடுத்த முறையையும் கெடுக்கும். நான் விடிகாலை ஆறரைக்கு ஆட்களை வரச்சொல்லிச் சமாளித்திருக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் எல்லா எதிர்வினை நேரமும் நீண்டது, ஆனால் பக்கங்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் இருக்கத்தான் செய்தது.

13. கணக்கு

முதலில் பொறியைப் பாருங்கள். 32 பொறியில் ஆறேழுக்கு மேல் தட்டியிருந்தால் அந்த ஆளை விட்டுவிடுகிறேன். பிறகு, 150 மில்லி நொடிக்குக் குறைந்த அழுத்தங்களை நீக்குங்கள். அவ்வளவு சீக்கிரம் பார்த்துத் தட்ட முடியாது, அது ஊகம். 1000-க்கு மேல் போனவற்றையும் நீக்குங்கள். கண் நகர்ந்த முறைகளையும் காணொளி பார்த்துக் கழியுங்கள். இந்த வரம்புகளை தரவைத் திறக்கும் முன்பே நோட்டில் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு வைக்கும் வரம்பு நமக்கு வேண்டிய பதிலை நோக்கித் தானாக நகர்ந்துவிடும்.

மீதியை நாலு கூடையாகப் பிரியுங்கள்: 100-ல் மின்னிய பக்கம், 100-ல் எதிர்ப்பக்கம், 800-ல் மின்னிய பக்கம், 800-ல் எதிர்ப்பக்கம். ஒவ்வொரு கூடைக்கும் சராசரி எடுக்காமல் மீடியன், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை, எடுங்கள். எதிர்வினை நேரத்தில் சில நீண்ட வால் எப்போதும் இருக்கும், நாலு கொட்டாவி சராசரியை இழுத்துவிடும், மீடியனை இழுக்காது. எக்செல்லின் சாதாரண பிவட் டேபிளில் மீடியன் வராது. வடிகட்டி, சூத்திரம் போட்டுத்தான் எடுக்க வேண்டும்.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து மின்னிய பக்கத்தைக் கழியுங்கள். கணக்குக்காக வைத்துக்கொள்வோம்: 100-ல் எதிர்ப்பக்கம் 351, மின்னிய பக்கம் 322. வித்தியாசம் +29. 800-ல் எதிர்ப்பக்கம் 318, மின்னிய பக்கம் 340. வித்தியாசம் −22. முதல் எண் கவனம் போனதற்கு, இரண்டாவது எண் போய்வந்த இடத்துக்குத் திரும்பத் தயங்குவதற்கு. ஆளுக்கு இரண்டு எண் கிடைத்ததும், இருபது பேருக்குக் குறையாமல் சேர்த்து, ஒரே ஆட்களின் இரு நிலைகளை ஒப்பிடும் டி-சோதனை போடுங்கள். எல்லா முறைகளையும் ஒரே குவியலாகக் கொட்டி ஆயிரக்கணக்கான அளவுகளுக்குச் சோதனை போடுவது தப்பு. இருக்கிறவர்கள் இருபது பேர்தான்.

14. வர வேண்டியது வராவிட்டால்

100-ல் லாபம் வரவில்லையா? ஸ்லோமோஷனுக்குத் திரும்புங்கள், இடைவெளி நீண்டிருக்கலாம். அது சரியென்றால் குறி இலக்கை மறைக்கிறதா பாருங்கள், இலக்குக்கும் பெட்டி விளிம்புக்கும் நடுவே அரை சென்டிமீட்டருக்கு மேல் வெற்றிடம் வேண்டும். அதுவும் சரியென்றால் அட்டவணை. வெட்டி ஒட்டும்போதோ வரிசை மாற்றும்போதோ குறிப்பக்கமும் இலக்குப் பக்கமும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வரிசை தப்பியிருக்கும்.

800-ல் தலைகீழாகவில்லையா? அந்த நீண்ட காத்திருப்பில் ஆள் மின்னிய பெட்டியிலேயே மனதை நிறுத்திக்கொண்டிருக்கலாம். குறிக்குப் பின் 400 மில்லி நொடியை ஒட்டி நடுக் கூட்டல் குறியை 3 சட்டகம் தடிக்கவையுங்கள். அது கவனத்தை நடுவுக்கு இழுத்துவிடும், அதற்கப்புறம் தயக்கம் தெளிவாகத் தெரியும். 'வந்ததா?' என்பதற்குப் பதிலாக 'வட்டமா சதுரமா?' என்று கேட்கும் சோதனையாக யாராவது மாற்றியிருந்தாலும் இந்தத் தலைகீழ் வரத் தாமதமாகும், பழையபடி மாற்றுங்கள்.

இரண்டுமே ஒரே பக்கத்துக்கு மட்டும் வந்தால் மென்பொருளைத் தொடாதீர்கள். எழுந்து போய் அந்த நாற்காலியில் நீங்களே உட்கார்ந்து, கண்ணை நடுவில் வைத்து, மறுபக்கச் சுவரில் என்ன அசைகிறது என்று ஐந்து நிமிஷம் பாருங்கள்.